மெதுவான கிரீனில் பந்து குழியை எட்டவில்லையா? அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

கிளிநொச்சியில் எங்கள் வளவைச் சுற்றி வயலும் வாய்க்காலும் உண்டே தவிர, கோல்ஃப் மைதானம் இல்லை. என் மருமகனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் பந்து உருட்டிப் பழகுவது எங்கள் வீட்டு விறாந்தையின் வழுவழுப்பான சீமெந்துத் தரையில்தான். போட்டி என்று வந்தால் திருகோணமலைப் பக்கம் போக வேண்டும், அல்லது நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். சென்ற போட்டியில் அவன் தூர அடிகளை எல்லாம் ஒழுங்காக அடித்துவிட்டு, குழியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டிய பரப்பாகிய கிரீனில் ஏறிய பின்னர் குழிக்குக் குழி மூன்று முறை உருட்டினான். மட்டைப் பையைச் சுமந்தபடி உடன் நடந்த என்னிடம், "மாமா, நான் என்னதான் அடிச்சாலும் பந்து போகுதே இல்லை" என்று பத்தாவது குழியில் அவன் சொன்னபோது, அவனுடைய தோள்கள் இரண்டும் இறுகிப்போயிருந்ததைக் கண்டேன். அன்று கிரீன் மெதுவாக இருந்தது உண்மைதான். ஆனாலும் அவனுடைய இழப்பில் பெரும்பங்கு, அந்த மெதுவுக்கு அவனே கொடுத்துக்கொண்ட தவறான மருந்தால் வந்தது.

கனடாவில் பல ஆண்டுகள் கிரீன் வெட்டும் வேலை செய்தவன் என்பதால், புல்லின் பக்கமிருந்தும் இதை என்னால் பார்க்க முடிகிறது. திரும்பி வரும் வழியில் முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்துவிட்டு, வாகனத்தில் இருந்தபடியே ஒவ்வொரு குழியையும் நினைவுபடுத்தி, எங்கே என்ன பிழைத்தது என்று அவனோடு பேசினேன். அந்தப் பேச்சிலிருந்து எழுந்ததே இக்குறிப்பு. உங்களுக்கு நேர்வது எந்த அறிகுறி என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் அடுத்து வரும் அளவெடுக்கும் பகுதியை மட்டும் எவரும் தாண்டிப்போக வேண்டாம், ஏனெனில் மற்ற எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் நிற்கின்றன.

முதலில் கிரீனை அளந்துகொள்ளுங்கள்

கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீற்றர் என்றொரு கருவி உண்டு. 1935 இல் அமெரிக்க ஓப்பன் போட்டி ஓக்மொன்ற் மைதானத்தில் நடந்தபோது, பந்து கிரீனைத் தாண்டி ஓடியதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர் உருவாக்கியது அது. இப்போது புழக்கத்தில் இருப்பது, 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் திருத்தியமைத்த 36 அங்குல அலுமினியச் சட்டம். பந்தை அதன் பள்ளத்தில் வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகைச் சாய்வில் பந்து தானாகவே உருண்டு, எப்போதும் ஒரே வேகத்துடன் புல்லில் இறங்கும். அதன் பின்னர் அது எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே அந்தக் கிரீனின் வேகம். அந்தச் சங்கம் அக்காலத்தில் வெளியிட்ட அட்டவணையில், வழக்கமான ஆட்டத்துக்கு 4.5 அடி மெது என்றும், 6.5 அடி நடுத்தரம் என்றும், 8.5 அடி வேகம் என்றும் குறிக்கப்பட்டிருந்தது. இன்றைய பெரிய போட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 10 அடிக்குக் குறைந்த எதுவும் மெதுவாகத்தான் தெரியும்.

அந்தக் கருவி நமக்குத் தேவையில்லை. நம்முடைய வீச்சே அளவுகோலாகும். வழக்கமாக நீங்கள் விளையாடும் கிரீனில், சமதளமான ஓரிடத்தில், மட்டையை வலக்கால் பெருவிரல்வரை பின்னே கொண்டுபோய், அதே அளவு முன்னே வரும்படி மூன்று பந்துகளை உருட்டுங்கள். அவை ஓடிய தூரத்தைக் கவடு வைத்து எண்ணுங்கள். பின்பு எதிர்த்திசையில் மூன்று பந்துகளை உருட்டி, இரண்டு எண்களின் சராசரியை எழுதிவையுங்கள். போட்டி நாளன்று, ஆட்டம் தொடங்கும் முன்னர் அங்குள்ள பழகும் கிரீனில் இதையே திரும்பச் செய்யுங்கள். வழக்கமான இடத்தில் 9 கவடு ஓடிய வீச்சு போட்டி மைதானத்தில் 6 கவடுதான் ஓடுகிறது என்றால், அந்த 9க்கு 6 என்ற விகிதமே அன்றைய உங்கள் திறவுகோல்.

இன்னுமொன்றையும் அப்போதே கவனித்துவிடுங்கள். மூன்று பந்துகளும் ஒரு சாணுக்குள் அருகருகே நிற்கின்றன, ஆனால் எல்லாமே குறைந்து நிற்கின்றன என்றால், உங்கள் வீச்சில் குறையில்லை. தூரத்தைக் கணிப்பதைத்தான் திருத்த வேண்டும். ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகச் சிதறினால், கிரீனைக் குறை சொல்வதற்கு முன்னர் பந்து மட்டையின் எந்த இடத்தில் படுகிறது என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எடுக்கும் எந்தச் சிகிச்சையும் வீண்.

அறிகுறி: பந்து நேராகத்தான் போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் குழிக்கு முன்னரே நின்றுவிடுகிறது

மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். கைக்குப் பழகிய வேகம் ஒன்று, காலடியில் இருக்கும் புல்லின் வேகம் வேறொன்று என்பதே இதன் காரணம். சீமெந்துத் தரையில் பழகியவருக்கு இந்த வேறுபாடு இரட்டிப்பாக இருக்கும். மாரி காலத்தில் கரம் பலகை ஈரம் உறிஞ்சிக்கொண்டால், நேற்றுவரை மூலைக் குழிக்குள் போன காய் இன்று பாதியில் நிற்பதை நாம் எல்லாரும் அறிவோம். பவுடர் போடக் கரம் பலகையில் இடமுண்டு. இங்கே புல்லை உள்ளபடியே ஏற்றுக்கொண்டு கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாற்றுவதற்கு எளிய வழி, குழியைத் தூர நகர்த்திக்கொள்வது. விகிதம் 9க்கு 6 என்றால், ஒவ்வொரு தூரத்தையும் ஒன்றரை மடங்காக எண்ணிக்கொள்ளுங்கள். குழி 4 கவடு தூரத்தில் இருந்தால், அதற்கு அப்பால் 6 கவடில் இன்னொரு குழி இருப்பதாக மனத்தில் நிறுத்தி, அந்தக் குழிக்கு உங்கள் வழக்கமான வீச்சை வீசுங்கள். 8 கவடு என்றால் 12. ஒத்திகை வீச்சின்போது உங்கள் கண் உண்மையான குழியில் அல்லாமல் அந்தக் கற்பனைக் குழியிலேயே இருக்க வேண்டும். கை, கண் காட்டும் இடத்துக்கு ஏற்பத் தானாக அளந்துகொள்ளும்.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். பந்து ஓடும் தூரம், அது புறப்படும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே தூரத்தை ஒன்றரை மடங்காக்க வேகத்தை ஒன்றரை மடங்காக்கத் தேவையில்லை, 1.5 இன் வர்க்கமூலமாகிய ஏறத்தாழ 1.22 மடங்கு போதும். அதாவது பாதி கூட்ட வேண்டும் என்று கண்ணுக்குத் தோன்றும் இடத்தில், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் கூட்டினாலே பந்து போய்ச் சேரும். என் மருமகன் முதலில் குறைத்து அடிப்பதும், அடுத்த குழியில் கோபத்தோடு ஒரேயடியாகக் கூட்டி இரண்டு மீற்றர் தாண்டவிடுவதுமாக மாறிமாறித் தவித்ததற்கு இந்தக் கணக்கை அறியாததே காரணம்.

கூட்டும் அந்த ஐந்தில் ஒரு பங்கையும் வீச்சின் நீளத்தால் கூட்டுங்கள், கையின் பலத்தால் அல்ல. எங்கள் ஊர்க் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அது மேலே அதிகம் போனால் கீழே வேகமாக வரும். ஆனாலும் போய்வரும் தாளம் மாறுவதில்லை. வழக்கமாக மட்டையை 30 சென்ரிமீற்றர் பின்னே கொண்டுபோகும் அடிக்கு இங்கே 36 அல்லது 37 சென்ரிமீற்றர் கொண்டுபோய், அதே தாளத்தில் விட்டால் போதும். ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, முதல் அசையில் பின்னேயும் அடுத்த அசையில் முன்னேயும் வருவது தாளத்தைக் காப்பாற்ற உதவும். மருமகன் 'பாலை' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறான். 'பா'வில் மட்டை பின்னே போகும், 'லை'யில் பந்து புறப்படும்.

அறிகுறி: பலமாக அடிக்கத் தொடங்கியதும் பந்து திசை மாறி ஓடுகிறது

மேற்சொன்ன பிழைக்குப் பலத்தையே மருந்தாகக் கொடுத்தவருக்கு அடுத்து வரும் நோய் இது. பலம் கூட்டியதும் பிடி இறுகும். பிடி இறுகினால் மணிக்கட்டு வெட்டும். பந்து எங்கே போகிறது என்று பார்க்கும் அவசரத்தில் தலையும் முன்கூட்டியே எழும்பும். மட்டையின் முகம் ஒரு சிறிது திரும்பினாலும், நாலைந்து மீற்றர் தூரத்தில் அது ஒரு குழியின் அகலத்துக்கு விலகிவிடும். குழியின் விட்டம் 108 மில்லிமீற்றர் மட்டுமே என்பதை மறக்க வேண்டாம்.

சோதிப்பதற்கு, போட்டிக்கு முந்தைய நாள் பழகும்போது மட்டையின் முகத்தில் முகப்பவுடரை மெல்லியதாகத் தடவிப் பத்துப் பந்துகளை உருட்டுங்கள். அடையாளங்கள் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் நல்லது. அவை நுனிப் பக்கமோ அடிப் பக்கமோ பரவியிருந்தால், பந்து குறைந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம், ஏனெனில் நடுவில் படாத பந்துக்கு மட்டையின் வேகம் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. மெதுவான கிரீனில் அந்த இழப்பு உடனே வெளியே தெரியும். திருத்துவதற்குப் பந்துக்கு முன்னே ஒரு முழத் தூரத்தில் இரண்டு நாணயங்களை, பந்து மட்டும் நுழையும் இடைவெளி விட்டு வைத்து, அவற்றினூடாக உருட்டிப் பழகுங்கள். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையாது என்பதால், ஆறு சென்ரிமீற்றர் இடைவெளி தொடக்கத்துக்குப் போதுமானது.

பிடியைப் பற்றி ஒன்று. வயலில் வெட்டும்போது மண்வெட்டியைப் பிடிக்கும் பிடி வேறு. வேலை முடிந்து அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரம்பில் நடந்து வரும்போது பிடிக்கும் பிடி வேறு. மட்டைக்கு வேண்டியது இரண்டாவது பிடி.

அறிகுறி: புறப்படும்போதே பந்து துள்ளி, பிறகு சோர்ந்து நிற்கிறது

உயரமாக விடப்பட்ட புல்லில் பந்து சற்று அமிழ்ந்து கிடக்கும். வேகமான கிரீன்களில் புல்லை மூன்று மில்லிமீற்றர் அளவுக்கு வெட்டுவார்கள். ஐந்து ஆறு மில்லிமீற்றருக்கு விட்டால் அந்த அமிழ்வு கண்ணுக்கே தெரியும். கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையின் முகம் செங்குத்தாக இருப்பதில்லை. அதற்குப் பொதுவாக 3 அல்லது 4 பாகைச் சாய்வு இருக்கும். அமிழ்ந்து கிடக்கும் பந்தை அந்தக் குழிவிலிருந்து மெல்லத் தூக்கி உருள வைப்பதற்கே அச்சாய்வு. அடிக்கும்போது கைகளைப் பந்துக்கு முன்னே தள்ளினால் சாய்வு அழிந்துபோகும். பந்து புல்லுக்குள் அழுத்தப்பட்டு, முட்டித் துள்ளி, அந்தத் துள்ளலிலேயே வேகத்தை இழக்கும்.

ஆகவே பந்தை இடக்காலை நோக்கி ஒரு பந்தின் அகலம் முன்னே வைத்து நில்லுங்கள். கைகள் பந்துக்கு நேர் மேலே இருக்கட்டும். சாய்வு கூடிய இன்னொரு மட்டை உங்களிடம் இருந்தால், பையில் மொத்தம் 14 மட்டைகளுக்கு மேற்படாதவரை அதைக் கொண்டுபோகலாம். ஆனால் ஆட்டம் தொடங்கிய பின்னர் மட்டையில் ஈயப்பட்டி ஒட்டுவது போன்ற மாற்றங்களைச் செய்ய விதி இடம் தராது.

அறிகுறி: வளைய வேண்டிய பந்து வளையாமல், எப்போதும் மேட்டுப் பக்கமாகவே குழியைத் தவறவிடுகிறது

இதற்கும் அதே விகிதம்தான் மருந்து என்பதைப் பலர் அறியார். மெதுவான கிரீனில் பந்தைக் கூடிய வேகத்தோடு புறப்படச் செய்கிறோம். அது குறைந்த நேரத்திலேயே குழியை அடைகிறது. சரிவு அதை இழுப்பதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது. கணக்குப் போட்டால், வளைவின் அளவு கிரீனின் வேகத்தோடு ஏறத்தாழ நேர்விகிதத்தில் கூடிக் குறைகிறது. ஆகவே வழக்கமான கிரீனில் குழிக்கு 45 சென்ரிமீற்றர் மேடாகக் குறிவைக்கும் ஓர் அடிக்கு, விகிதம் 9க்கு 6 ஆன நாளில் 30 சென்ரிமீற்றர் போதும். ஒரு மீற்றருக்கு உட்பட்ட அடிகளில், சரிவு மிகக் கடுமையாக இல்லாவிட்டால், குழியின் விளிம்புக்குள்ளேயே குறிவையுங்கள்.

நீளத்துக்கு ஒன்றரை மடங்கு, வளைவுக்கு மூன்றில் இரண்டு. ஒன்றைப் பெருக்கினால் மற்றையதை வகுக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யாதவர்கள் நீளத்தைச் சரியாகத் திருத்திய பின்னரும் குழியின் மேட்டுப் பக்கத்தில் பந்தை விட்டுவிட்டு, தம் வீச்சு வலப்பக்கம் இழுக்கிறதென்று எண்ணி, சரியாக இருந்த வீச்சையும் கெடுத்துக்கொள்வார்கள்.

அறிகுறி: இறக்கத்தில் உருட்டினால்கூடக் குறைகிறது

வேகமான கிரீனில் கற்ற அச்சம் இது. சரிவு பந்தை இழுக்கும் வலு எல்லாக் கிரீன்களிலும் ஒன்றே. அதை எதிர்க்கும் புல்லின் தடைதான் மாறுகிறது. மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் இறங்கும் சரிவு ஒன்றை எடுத்துக்கொண்டால், ஸ்டிம்ப்மீற்றரில் 10 அடி காட்டும் கிரீனில் 6 மீற்றர் இறக்கத்துக்குச் சமதளத்தில் 4.5 மீற்றருக்கான அடி போதும். 6 அடி காட்டும் கிரீனில் அதற்கு 5 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான அடி தேவைப்படும். ஏற்றத்தில் இதுவே மறுபுறமாக வரும்: வேகமான கிரீனில் கால் பங்கும், மெதுவான கிரீனில் ஏழில் ஒரு பங்கு அளவும் கூட்டினால் சரி. ஆகவே மெதுவான நாளில் ஏற்ற இறக்கத்துக்காகச் செய்யும் திருத்தங்களைச் சிறிதாக்குங்கள். இறக்கத்தில் துணிந்து உருட்டுங்கள். பந்து தாண்டினாலும் அது வெகுதூரம் ஓடாது.

அறிகுறி: ஒரு திசையில் குறைகிறது, அதே பாதையில் எதிர்த்திசையில் உருட்டினால் மிஞ்சுகிறது

தரை சமதளமாகத்தான் தெரிகிறது, ஆனாலும் இப்படி நடக்கிறது என்றால் புல் சாய்ந்து படுத்திருக்கும் திசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பகுதியில் நான் சற்று விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனெனில் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இதில் இயல்பாகவே ஓர் அனுகூலம் இருக்கிறது.

வெப்பநாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா என்று அழைக்கப்படும் புல் வேறெதுவுமல்ல. பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அறுகுதான். கிரீனுக்கென்று பயிரிடப்படும் நுண்ணிய வகைகள், 1965 இல் வெளியிடப்பட்ட ரிஃப்டுவார்ஃப் போன்றவை, அறுகையும் அதன் ஆபிரிக்க உறவுப் புல் ஒன்றையும் கலந்து அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் உருவாக்கப்பட்டவை. இனம் எவ்வளவு நுண்ணியதானாலும் அறுகின் குணம் அதைவிட்டுப் போவதில்லை. அது நிமிர்ந்து வளர்வதைவிடப் படுத்து ஓடுவதையே விரும்பும். குளக்கட்டின் சரிவில் அறுகு எப்படிக் கீழ்நோக்கி, ஈரத்தை நாடிக் கொடிவிட்டு ஓடுகிறது என்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர்கள் நாம். கிரீனிலும் அது அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும். பெரும்பாலும் நீர் வடியும் திசையிலும், வெயில் சாயும் மேற்குத் திசையிலும். அந்தச் சாய்வோடு உருளும் பந்து இலகுவாக ஓடும். எதிர்த்து உருளும் பந்து தூரிகையின் மயிர்களில் மோதுவதுபோல மோதி நிற்கும். வெட்டு உயரம் கூடக்கூட இந்த வேறுபாடும் கூடும். மெதுவான கிரீனில் இதை அலட்சியம் செய்ய முடியாததற்கு அதுவே காரணம்.

சாய்வை அறிய மூன்று வழிகள் உண்டு. பந்துக்குப் பின்னே நின்று குழியை நோக்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால், அது உங்களைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கரும்பச்சையாகத் தெரிந்தால் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து தயங்கும். வானம் மூடியிருந்து நிறம் தெரியாதபோது குழியின் விளிம்பைப் பாருங்கள். வெட்டிச் சில மணி நேரமான குழியில் ஒரு பக்க விளிம்பு பச்சையாகவும் கூர்மையாகவும் இருக்க, எதிர்ப்பக்க விளிம்பு வேர் அறுபட்டுப் பழுப்பேறிச் சிதைந்திருக்கும். புல் சாய்வது அந்தச் சிதைந்த பக்கத்தை நோக்கித்தான். மூன்றாவது வழி, உங்களுக்கு முன்னர் உருட்டும் ஆட்டக்காரரின் பந்து கடைசி ஒரு முழத்தில் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கண்கொட்டாமல் பார்ப்பது. வேகம் தீர்ந்த பந்து சாய்வுக்கு முழுமையாகக் கட்டுப்படும்.

புல்லைக் கையால் நீவிப் பார்த்து அறியலாமே என்று தோன்றும். ஒரு குழியை ஆடி முடிக்கும்வரை அதைச் செய்யவே கூடாது. கிரீனைச் சோதிப்பதற்காகப் புல்லை உரசுவதும் பந்தை உருட்டிப் பார்ப்பதும் விதி 13.1உ இன் கீழ் குற்றமாகும். அடி எண்ணிக்கை ஆட்டத்தில் இரண்டு அடிகள் தண்டம். பந்து விழுந்த தடங்களையும் சப்பாத்துத் தடங்களையும் திருத்துவதற்கும், மணலை அகற்றுவதற்கும் 2019 இல் வந்த விதிகள் இடம் தருகின்றன. காற்றோட்டத்துக்காகப் பராமரிப்பாளர் துளைத்த துளைகளை நிரப்ப இடமில்லை.

எதிர்ச்சாய்வில் உருட்டும்போது உங்கள் விகிதத்துக்கு மேல் இன்னும் ஒரு கவடைக் கூட்டி எண்ணுங்கள். உடன்சாய்வில் ஒன்றைக் குறையுங்கள். பத்துக் கவடுக்கு மேற்பட்ட அடிகளுக்கு இரண்டு. இது கைப்பழக்கத்தில் வந்த கணக்கு. உங்கள் அளவை உங்கள் பழகும் கிரீனிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: காலையில் குறைகிறது, நண்பகலில் சரியாகிறது, பின்னேரத்தில் மீண்டும் குறைகிறது

காலையில் பனி, பின்னேரத்தில் வளர்ச்சி. நனைந்த புல் பந்தைப் பிடித்து வைக்கும். வெயில் ஏறிக் காய்ந்ததும் விடும். அறுகு வெயிலில் வேகமாக வளரும் இனம் என்பதால், விடியற்காலையில் வெட்டிய கிரீன் பிற்பகலில் மீண்டும் தடித்திருக்கும். மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் முதல் நான்கைந்து குழிகளுக்கு ஒரு விகிதமும், அதன் பிறகு ஒரு விகிதமும் வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் பாதையில் உள்ள பனியைத் துடைத்துவிடுவது தண்டத்துக்குரியது. ஆனால் மழை பெய்து கிரீனில் நீர் தேங்கி உங்கள் பாதையில் நின்றால், தண்டமின்றி விலகி வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வெட்கப்படாமல் அதைக் கேளுங்கள்.

அறிகுறி: பழகும் கிரீனில் சரியாக இருந்தது, ஆட்டத்தில் பிழைக்கிறது

பழகும் கிரீனில் நாள் முழுதும் கால்கள் படுவதால் அது இறுகி வேகமாகிவிடும். மைதானத்துக்குள் இருக்கும் கிரீன்கள் அப்படியிருப்பதில்லை. ஆகவே முதல் மூன்று குழிகளையும் அளவெடுப்பின் தொடர்ச்சியாகவே கருதுங்கள். ஒரு குழியை முடித்த பின்னர் அதே கிரீனில் ஓர் அடியை மீண்டும் உருட்டிப் பார்க்க விதி 5.5ஆ அனுமதிக்கிறது. ஆனால் போட்டிக் குழு அதைத் தடைசெய்து உள்ளூர் விதி விதித்திருக்கலாம் என்பதால், தொடங்கும் முன்னர் விதித்தாளை வாசித்துவிடுங்கள். பின்னே வருபவர்களைக் காக்க வைக்கவும் வேண்டாம்.

அறிகுறி: ஒரு பந்து மிஞ்சியதும் எல்லாம் குழம்பிப்போகிறது

எட்டு முறை குறைந்து ஒன்பதாவது முறை மிஞ்சியதும், ஒன்பதாவதை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டு மீண்டும் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறார்கள். என் மருமகன் பன்னிரண்டாவது குழியில் செய்தது இதுதான். அந்த மிஞ்சிய அடி உடன்சாய்வில் உருண்டது என்பதை நானும் அப்போது அவனுக்குச் சொல்லத் தவறிவிட்டேன். ஓர் அடி பிழைத்தால் விகிதத்தைத் தொடாதீர்கள். அது ஏற்றமா இறக்கமா, சாய்வோடா எதிர்த்தா, பந்து மட்டையின் நடுவில் பட்டதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இவை எவற்றாலும் விளக்க முடியாத பிழை மூன்று குழிகளில் ஒரே பக்கமாக வந்தால் மட்டுமே விகிதத்தை மாற்றலாம்.

நீண்ட அடிகளில் குழியைக் குறிவைப்பதைவிட, அதைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்துக்குள் பந்தைச் சேர்ப்பதே போதும். மெதுவான கிரீனில் எஞ்சும் அந்த ஒரு மீற்றர் அஞ்சத்தக்கது அல்ல. வளைவு குறைவு என்பதால் குழியின் பின்சுவரை நோக்கி நேராக அடித்துவிடலாம். கிரீனுக்கு வெளியிலிருந்து தூக்கி உருட்டும் அடிகளும் இதே தடையால் முன்கூட்டியே நிற்கும் என்பதால், பந்து விழ வேண்டிய இடத்தை அங்கேயும் குழிக்கு இன்னும் அருகே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழகுவதற்கு

சீமெந்துத் தரையை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. திசைக்கு அதுவே சிறந்தது. நாணயங்களுக்கு நடுவே உருட்டிப் பழக அதைவிட நேர்மையான தரை கிடையாது. தூரத்துக்கு மட்டும் வளவின் கிழக்குப் பக்கத்தில், கிணற்றடி நீர் வடியும் இடத்தில், எட்டு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுமான அறுகுப் பாத்தி ஒன்றைப் போட்டோம். கல்லும் வேரும் பொறுக்கி, ஆற்று மணல் பரப்பி, கொடிகளை ஒரு சாண் இடைவெளியில் நட்டு, மாரி மழையிலேயே அதைப் பிடிக்க வைத்தோம். கையால் தள்ளும் புல்வெட்டியால் அதை மூன்று மில்லிமீற்றருக்குக் கொண்டுவர முடியாது. ஏழு, எட்டில்தான் நிற்கிறது. நமக்கு வேண்டிய மெதுவான கிரீன் அதுவே. அதில் ஒரு முனையிலிருந்து உருட்டும் பந்து மறுமுனையிலிருந்து உருட்டும் பந்தைவிட ஒரு கவடு கூடுதலாக ஓடுகிறது, ஏனெனில் அறுகு கிணற்றடிக் கானை நோக்கிச் சாய்ந்து வளர்ந்திருக்கிறது. மருமகன் இப்போது ஒவ்வொரு பின்னேரமும் பாத்திக்குப் போன உடனே பெருவிரல் வீச்சில் மூன்றும் மூன்றுமாக ஆறு பந்துகளை உருட்டி, வந்த எண்ணையும் அன்று புல் ஈரமா காய்ந்ததா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதுகிறான். நேற்று வெட்டாமல் விட்ட புல்லில் நான்கு கவடு. இன்று காலை வெட்டிக் காய்ந்த பிறகு ஐந்தரை.